ரெண்டு முழம், நாலு விரல்

என் தாத்தா தண்டவாளத்தைக் கையால் அளப்பார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தண்டவாளத்தின் உள்விளிம்பில் முழங்கையை ஊன்றி, நடுவிரல் நுனி தொட்ட இடத்தில் மறுபடி முழங்கையை வைப்பார். ரெண்டு முழம் முடிந்ததும் மீதி இடத்தில் நாலு விரலைப் பக்கம் பக்கமாக வைத்தால் அடுத்த தண்டவாளத்தில் இடிக்கும். "ரெண்டு முழம் நாலு விரலுடா. கூடுனா சக்கரம் உள்ள விழுந்துரும், குறைஞ்சா மேல ஏறிரும்." பாதையின் அகலம் அளக்கிற கேஜ் ராடு இல்லாமல் இல்லை. பாதையைப் பராமரிக்கிற கேங்கில் ஒன்று இருந்தது, மேஸ்திரி தோளில் வைத்திருப்பார். இது தாத்தாவின் சொந்தக் கணக்கு.

பாம்பன் கேங்கில் வேலை. பாம்பனிலிருந்து அப்போது ரயில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரம், சுமார் 10 கிலோமீட்டர். மற்றது தனுஷ்கோடி, சுமார் 24 கிலோமீட்டர். இன்றைக்குத் தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், சங்கு வாங்குகிறார்கள், 'பேய் நகரம்' என்று தலைப்பு வைத்து வீடியோ போடுகிறார்கள். அது ஒரு துறைமுகம், ரயிலுக்காகவே பிறந்த ஊர் என்பது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. 1964இல் ஊரை அழித்த புயல் ஒரே ஒரு ராத்திரி. அதற்கு முந்தைய 50 வருஷம் அங்கே தினமும் ரயில் வந்தது, கப்பல் போனது. அந்த 50 வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ரெண்டு முழம் நாலு விரல். மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். 1870இல் வைசிராய் மேயோ காலத்தில் எடுத்த முடிவு. அகலப்பாதைக்குச் செலவு அதிகம், இனிப் போடுவதைக் குறுகலாகப் போட்டுச் சிக்கனம் பிடிப்போம் என்றார்கள். இந்தியாவில் சீக்கிரமே மெட்ரிக் அளவு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அடிக்கணக்கை விட்டு ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956இல். அதாவது ஜவுளிக்கடையில் மீட்டர் நுழைவதற்கு 40 வருஷத்துக்கு முன்பே அது எங்கள் ஊர் மணலில் படுத்திருந்தது. இந்தச் சிக்கனப் பைத்தியம் எவ்வளவு தூரம் போனது என்றால், நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களில் போட்ட அகலப்பாதையையே 1870களில் பிரித்து மீட்டராகக் குறுக்கினார்கள். பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து அதையெல்லாம் மறுபடி அகலமாக்கினோம். போகட்டும்.

அக்கரையில் கதை வேறு. இலங்கையில் 1860களில் முதல் ரயில் பாதை போட்டபோது அது காப்பிக்காகப் போட்டது. கண்டி மலையில் விளைந்த கொட்டையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். அகலப்பாதை, ஐந்தரை அடி. இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்தது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது, பாதை அப்படியே இருந்தது. உலகத்தில் குறுகல் ரயில்களின் கதையை எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மேலே ஒரு சுரங்கம் அல்லது தோட்டம், கீழே ஒரு துறைமுகம், நடுவில் ஒரு சின்ன ரயில். செம்பு, கந்தகம், கரும்பு, காப்பி என்று ஏதோ ஒன்று மேலிருந்து கீழே வரும். எங்கள் கரையில் போட்ட பாதையில் ஆள் போனார்கள். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட கிராமங்கள்தான் எங்கள் சுரங்கம்.

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902இல். அப்போதெல்லாம் கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பல். தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குக் கடல் தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான் என்று வரைபடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடைஞ்சல் பாம்பன் கால்வாய். அதன் மேல் பாலம் கட்டி 1914 பிப்ரவரி 24இல் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 145 கண். நடுவில் கப்பல் போவதற்காக ஷெர்சர் தூக்குப்பாலம். ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றினால் பாலம் இரண்டு பாதியாகப் பிளந்து பின்பக்கமாக உருண்டு எழும்பும். மோட்டார் கிடையாது. நான் பார்த்திருக்கிறேன், முக்கால் மணி நேரம் ஆகும். கீழே காத்திருக்கும் விசைப்படகுக்காரர்கள் அதற்குள் ஒரு சமையலே முடித்துவிடுவார்கள்.

கப்பலே வேண்டாம், ராமர் பாலம் என்கிற ஆதம்பாலத்து மணல் திட்டுகளின் மேலேயே கரை போட்டு ரயிலைத் தலைமன்னார் வரை விட்டுவிடலாம் என்றொரு யோசனையும் அந்தக் காலத்தில் இருந்தது. செலவுக் கணக்கைப் பார்த்துக் கைவிட்டார்கள். அப்படி ரயில் விட்டிருந்தாலும் வண்டி நேராகக் கொழும்பு போயிருக்காது. இங்கே மீட்டர், அங்கே ஐந்தரை அடி. எப்படியும் ஓரிடத்தில் எல்லோரும் இறங்கி மூட்டையை மாற்ற வேண்டும். நடுவில் கடல் கிடந்ததால் இந்த முட்டாள்தனம் வெளியே தெரியாமல் போயிற்று என்பது என் எண்ணம். அந்தக் கடலைக் கடக்க ரயில் கம்பெனியே நீராவிக் கப்பல் வைத்திருந்தது. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பின்னால் இர்வின், கோஷன். எல்லாம் வைசிராய், கவர்னர் பெயர்கள். எங்கள் ஊர் வாயில் 'கர்சான் கப்பல்', 'இருவின் கப்பல்'.

சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். அந்த ரயிலுக்குப் பெயர் போட் மெயில். இன்றைக்கும் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரும் ராத்திரி வண்டியைப் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். போட் இல்லை, பெயர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த வண்டி ராமேஸ்வரத்தில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள், அதைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை பையன் அப்துல் கலாமுக்குக் கிடைத்தது. அவருடைய முதல் சம்பாத்தியம் அது. எங்கள் தீவில் இந்தக் கதையைச் சொல்லாமல் எந்தப் பள்ளி ஆண்டு விழாவும் முடியாது.

போட் மெயிலின் முதல் வகுப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் அப்பத்தா வழியாக.

அப்பத்தாவின் தாயும் தகப்பனும் முதுகுளத்தூர்ப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து, ஒரு கூட்டமாகக் கண்டிச் சீமைக்குக் கூட்டிப் போனார். கழுத்தில் கயிற்றில் கோத்த தகர வில்லை. பழைய ஓட்டைக் காலணாவை விடப் பெரிது, எட்டணாவை விடச் சின்னது என்பார் அப்பத்தா. அதில் தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண் அடித்திருக்கும். அந்த வில்லையைக் காட்டினால் போதும், வழியில் யாரும் காசு கேட்க மாட்டார்கள். ரயில், கப்பல், சோறு எல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறும். தோட்டத்துக் கணக்கு என்றால் கடைசியில் அவர்கள் கணக்குத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இது. மூட்டைக்கு ஒட்டும் சீட்டு மாதிரி.

அந்த வில்லையில் ஒன்றை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். அப்பத்தா தன் தாயிடமிருந்து எடுத்து வெற்றிலைப் பையில் போட்டிருந்தார். சுண்ணாம்பு பட்டுப் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருந்தது. ஓட்டை தேய்ந்து நீளவாட்டில் பிளந்திருந்தது, கயிறு அறுத்த தேய்மானம். நான் நாலாம் வகுப்பில் அதன்மேல் நோட்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுத்தேன். காலணா, நாலணாவையெல்லாம் அப்படி எடுப்போமே, அந்த விளையாட்டு. தோட்டத்து எண் நன்றாக வந்தது. ஆளின் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வரவில்லை, தேய்ந்துபோயிருந்தது.

இந்தப் பாதை வருவதற்கு முன்னால் போனவர்களின் பாடு இன்னும் மோசம். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னார் வரை இலங்கை ரயிலும் வந்ததால் அந்த நடை மிச்சம். அதனால்தான் அப்பத்தா ரயிலை ஒரு நாளும் திட்டியதில்லை. நான் படித்துவிட்டு வந்து ஏகாதிபத்தியம், சுரண்டல் என்று ஆரம்பித்தால், "நடந்து போனாத் தெரியும்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்.

போகிறவர்களை நேரே கப்பலில் ஏற்றிவிட மாட்டார்கள். மண்டபத்தில் இறக்குவார்கள். மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது, போட் மெயிலில் வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'கேம்ப்' இதுதான். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். பிளேக், அம்மை, காலரா இல்லை என்று தெரியும் வரை ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே வைத்திருப்பார்கள். அம்மை குத்துவார்கள். உடுத்தியிருந்த துணியை வாங்கி ஆவியில் வேக வைப்பார்கள். அப்பத்தாவின் தாய் சொன்னதாகச் சொல்வார்: கட்டியிருந்த ஒரே சேலை சாயம் ஒழுகி, சுருங்கி, முட்டிக்கு மேலே நிற்கிற மாதிரி திரும்பி வந்ததாம். அதைக் கட்டிக்கொண்டுதான் பாலம் தாண்டினார்கள்.

அப்பத்தா பிறந்தது லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில். தகப்பன் செத்த பிறகு எட்டு வயதில் தாயோடு தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார். அக்காள் அங்கேயே வாழ்க்கைப்பட்டிருந்ததால் நின்றுவிட்டார். 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் போவதைத் தடை செய்தது. பாதை போட்ட காரணமே அதோடு முக்கால்வாசி முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து கூட்டம் இன்னும் குறைந்தது. ஆனாலும் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1950களில் ஒரு தடவை தாத்தாவும் அப்பத்தாவும் அந்த அக்காளைப் பார்க்கக் காகிதமெல்லாம் எழுதி வாங்கி அக்கரை போனார்கள். தலைமன்னாரில் இறங்கியதும் தாத்தா செய்த முதல் வேலை என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "மூணு முழம் ஒரு சாண், நாலு விரல். பெரிய பாதைடா அவுகளது." அப்பத்தாவுக்கு மானம் போய்விட்டதாம், பிளாட்பாரமே பார்த்துக்கொண்டிருந்ததாம்.

பாம்பன் கேங்கில் தாத்தாவின் வேலை, நாம் நினைக்கிற மாதிரி ஜல்லி குத்துவது மட்டுமில்லை. மணல் அள்ளுவது. தனுஷ்கோடிப் பாதைக்கு ரெண்டு பக்கமும் கடல். வடக்கே பெண்கடல், பாக் நீரிணை, அமைதி. தெற்கே ஆண்கடல், மன்னார் வளைகுடா, இரைச்சல். நடுவில் ஒரு மணல் வரப்பு, அதன் மேல் தண்டவாளம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் அள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சாயங்காலம் தண்டவாளம் காணாமல் போயிருக்கும். ஸ்லீப்பர் கட்டை எங்கே இருக்கிறது என்று கடப்பாரையால் குத்திப் பார்க்க வேண்டும். 'தங்' என்றால் இரும்பு, 'தொப்' என்றால் கட்டை, சத்தமே இல்லையென்றால் இன்னும் தோண்டு. உப்புக் காற்றில் போல்ட்டு நட்டு ரெண்டும் ஒன்றாக இறுகிப்போகும், மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால்தான் திரும்பும். கடைசி வரை தாத்தாவின் கண் ஓரத்தில் மணல் உறுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத மணலையும் துடைப்பார்.

புயலை நான் விரித்து எழுதப் போவதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி. 653ஆம் எண் பாசஞ்சர், ஆறு பெட்டி, பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பித் தனுஷ்கோடிக்கு எட்டும் தூரத்தில் கடலோடு போனது. ரயிலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். தாத்தாவுக்கு அன்று வேலை முறை இல்லை. அந்த வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், எங்களிடம் சொன்னதில்லை. அதிலிருந்து எந்த ரயிலைப் பார்த்தாலும் பெட்டிகளை எண்ணுவார்.

பாலத்தில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் விழுந்துவிட்டன. ஷெர்சர் தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ஆறு மாதக் கெடு கொடுத்த வேலையை 46 நாளில் முடித்தவர் ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டியவர். புது உத்தரத்துக்குக் காத்திருக்காமல், மீனவர்களை வைத்து விழுந்ததையே கடலடியில் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினார்கள். தாத்தா அந்தக் கூட்டத்தில் கயிறு இழுத்தவர்களில் ஒருவர். "எஞ்சினியரு தூங்கி நாம் பாக்கலடா" என்பார். அந்த 46 நாள்தான் அவர் வாழ்க்கையின் பெருமை.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது. இரண்டு கிலோமீட்டர் கடல் பாலத்தை 46 நாளில் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள், மணல் மேல் கிடந்த 24 கிலோமீட்டரை ஏன் போடவே இல்லை? ஊர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, அது சரிதான், அந்த மணலில் மறுபடி குடியேறச் சொல்வது பாவம். ஆனால் அந்த ஊருக்கு ரயில் இருந்த காரணம் புயலுக்கு முன்பே போய்விட்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். சரியாகப் புயலுக்கு 53 நாள் முன்னால், 1964 அக்டோபர் 30இல், டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பாதையில் அனுப்பினோமோ அதே பாதையில் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். கையெழுத்து காய்வதற்குள் பாதையின் நுனியைக் கடல் எடுத்துக்கொண்டது.

அதனால் அவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கப்பலின் பெயர் ராமானுஜம். மலையகத்திலிருந்து வந்த யாரிடம் கேட்டாலும் வருஷம் மறந்திருக்கும், அந்தப் பெயர் மறந்திருக்காது. பாத்திரம், தையல் மெஷின், சாமி படம், தேயிலைப் பொட்டலம். இறங்கியதும் மண்டபம் கேம்ப். தாத்தா பாட்டிகளை ஆவியில் வேகவைத்து அனுப்பிய அதே கேம்ப்புக்குப் பேரப்பிள்ளைகள். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு வேறு மூலைகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அப்பத்தாவின் அக்காள் குடும்பமும் அப்படித்தான் வந்து கூடலூர்ப் பக்கம் போனது. 1980களில் போர் வந்து கப்பல் நின்றது, அடுத்து அகதிகள் வந்தார்கள், அவர்களுக்கும் மண்டபம் கேம்ப்தான். எங்கள் மாவட்டத்தில் வேறெந்தக் கட்டடமும் தன் வேலையை இவ்வளவு விடாமல் செய்ததில்லை.

தகர வில்லை எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு வேண்டுமென்று வந்து கேட்டார்கள், அப்பத்தா கொடுத்துவிட்டார், ரசீது கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நாலைந்து தடவை போய்க் கேட்டேன். முதல் தடவை பீரோ சாவி இல்லை என்றார்கள். கடைசித் தடவை அப்படி ஒரு கண்காட்சியே நடக்கவில்லை என்றார்கள். பென்சிலில் தேய்த்த தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் என்று 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 208 கோடி ரூபாய்த் திட்டம். வேலை நடக்கவில்லை. நடக்காததில் எனக்கு வருத்தமுமில்லை. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார் ரோடு இருக்கிறது, செல்ஃபி எடுக்க அது போதும். கப்பல் இல்லாத துறைக்கு ரயில் போய் என்ன செய்யும்? பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். நடுக்கண் லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் எழும்புகிறது, ஐந்தே நிமிஷம், மின்சாரம். படகுக்காரர்கள் சமைக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கும் முந்திய ஒன்று. பழைய பாலத்தின் மேலேயே மீட்டரைப் பிரித்து அகலப்பாதை போட்டு 2007 ஆகஸ்டில் வண்டி விட்டார்கள். தாத்தாவுக்கு அப்போது 85. அப்பத்தா இல்லை. பாம்பன் பக்கம் கேட்டடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பைக்கிலிருந்து இறங்கியவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் தண்டவாளத்தில் குந்திவிட்டார். முழங்கையை ஊன்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கையை விரித்து ஒரு சாண். பிறகு நாலு விரல், நடுங்கிக்கொண்டே, ஒவ்வொன்றாக.

கேட்கீப்பர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். "பெரியவரே, என்னத்தத் தொலைச்சீக?"

"தொலைக்கல. அளந்தேன்."

"அளந்து?"

"தலைமன்னாரு அளவு."

அவருக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது, தலைமன்னாரில் அப்போது தண்டவாளமே இல்லை, போர் தின்றுவிட்டிருந்தது. அங்கே மறுபடி ரயில் வந்தது 2015இல், இந்திய நிறுவனம் போட்டுக் கொடுத்தது. அப்போது தாத்தா இல்லை. 1914இலிருந்து கணக்குப் போட்டால், கடலின் ரெண்டு பக்கத்திலும் ஒரே அகலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது அந்த வருஷம்தான்.

வண்டி வருகிறது என்று கேட்டை மூடினார்கள். தாத்தாவைக் கைத்தாங்கலாக இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். முட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டவிடவில்லை. ராமேஸ்வரம் போகிற ஏதோ ஒரு பாசஞ்சர், எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனது. தாத்தா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டே, வாய்க்குள்ளாக, ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.